ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை

என் மேசை இழுப்பறையில் ஒரு நீல நிறக் கோப்பு இருக்கிறது. எனக்கு 47 வயதான ஆண்டில், எட்டு மாதங்களுக்குள் எடுத்த மூன்று இசிஜி, ஓர் எக்கோ, இரண்டு தைராய்டு பரிசோதனைகள், இதயத்துடிப்பைக் கண்காணிக்க 24 மணி நேரம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நடமாடிய ஹோல்டர் கருவியின் பதிவு, சர்க்கரை, ஹீமோகுளோபின், வைட்டமின் அளவுகள் என்று அத்தனையும் தேதிவாரியாக அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரத்தப் பரிசோதனைத் தாள் ஒவ்வொன்றிலும் என் எண்ணுக்குப் பக்கத்தில் இயல்பான அளவு இன்னதிலிருந்து இன்னதுவரை என்று அச்சிட்டிருக்கிறது. என் எண் ஒவ்வொரு முறையும் அந்த எல்லைக்குள் ஒழுங்காக அடங்கியிருக்கிறது. அந்த எட்டு மாதங்களும் நான் விடியற்காலை மூன்று மணிக்கு, யாரோ உலுக்கி எழுப்பியதைப் போல, நெஞ்சு படபடக்கப் பிடரி நனைய விழித்துக்கொண்டிருந்தேன். போர்வையை உதறிய ஐந்தாவது நிமிடத்தில் உடம்பு குளிர்ந்து நடுங்கும். பகலில் அலுவலகக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருக்கும்போதே, இருபது ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் சொற்கள் நினைவுக்கு வர மறுத்தன. தலைவாரக் கையை உயர்த்தினால் வலது தோள் பூட்டிக்கொண்டது.

முதலில் பார்த்த பொது மருத்துவர், "டென்ஷனைக் குறைச்சுக்கோங்க மேடம், வயசும் ஆகுதுல்ல" என்றார். இதயநோய் நிபுணர் பொறுமையானவர்; நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார், எக்கோ எடுக்கும்போது தானே அருகில் நின்று பார்த்தார், பிறகு உண்மையான நிம்மதியோடு, "இதயம் ரொம்ப நல்லா இருக்கு, ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல" என்றார். அவர்மீது எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. எலும்பு மருத்துவர் தோளுக்கு வலிமாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார். நான்காமவர் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு பேரும் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா, இதயநோய் உண்டா என்று கேட்டார்கள். மாதவிடாய் எப்படி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது தள்ளிப்போவதும் சில மாதங்களில் இருமுறை வருவதும் வேறு விஷயம், படபடப்பும் தூக்கமின்மையும் வேறு விஷயம் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது மாதத்தில், வழக்கமான மருத்துவர் விடுப்பில் இருந்ததால் அவருடைய இடத்தில் அமர்ந்திருந்த ஓர் இளம் மருத்துவர் என் கோப்பைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்தார். "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு? அதுக்கு முந்தினது எப்ப?" என்று கேட்டார். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிக்கும் முன்பே எனக்கு விடை தெரிந்துவிட்டது: மாதவிடாய் நிற்கப்போகும் பருவம். உறுதிப்படுத்த ஏதாவது ஹார்மோன் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேட்டதற்கு, இந்த வயதில் அந்த அளவுகள் நாளுக்கு நாள் ஏறியிறங்கும், அவற்றைவிட நீங்கள் சொல்வதுதான் நம்பத் தகுந்தது என்றார். மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயதைக் கடந்த பெண்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறது என்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். எட்டு மாதப் பரிசோதனைகள் தராத விடையை இரண்டு கேள்விகள் தந்தன.

அன்றிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்தது ஒன்றுதான்: நல்ல மனிதர்களான, நன்கு படித்த நான்கு மருத்துவர்களுக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை? அவர்களுடைய அக்கறையின்மை என்று சொல்லிவிட்டால் எளிதாக முடிந்துவிடும். ஆனால் அது உண்மையாக இருக்காது. இரண்டு ஆண்டுகளாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க, அவர்களுடைய அறியாமை தானாக நேர்ந்ததன்று, யாரை ஆராய வேண்டும், யாரை ஆராய வேண்டியதில்லை என்று பல பதிற்றாண்டுகளாக எடுக்கப்பட்ட முடிவுகளால் உருவானது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. அந்த முடிவுகளுக்குத் தேதிகள் இருக்கின்றன.

முதலில் உடலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் த கார்தான் 1821-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நேர்கிறது. ஆனால் துன்பத்தின் பெரும்பகுதி அந்தத் தேதிக்கு முந்தைய சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. சினைப்பைகள் ஓயும் முன்பு அவை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. சில வாரங்களில் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, அடுத்த வாரமே சரிந்துவிடுகிறது. மூளையிலும் எலும்பிலும் இரத்தக்குழாயிலும் மூட்டுகளிலும் சிறுநீர்ப்பையிலும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் இடங்கள் இருப்பதால், இந்த ஏற்ற இறக்கத்தை உடல் முழுவதும் உணர்கிறது. பிரச்சினை இதயத்தில் தெரியும், தோளில் தெரியும், தூக்கத்தில் தெரியும். அந்தந்த உறுப்புக்குரிய நிபுணர் அந்தந்த உறுப்பைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவைப்பார்.

திடீரென்று உடம்பு கொதிப்பதற்கான காரணம் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் அந்தப் பகுதியில் உள்ள ஒருவகை நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்ததும் அவை பெருத்து, மிகையாகத் தூண்டப்பட்டு, உடல் சூடாகாதபோதே சூடாகிவிட்டதாக அறிவிக்கின்றன. உடனே தோலின் இரத்தக்குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது, இதயம் விரைகிறது. இந்த நரம்பணுக்கள் மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் பெருத்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர் நவோமி ரான்ஸ் 1990-களின் தொடக்கத்திலேயே கண்டறிந்து எழுதியிருந்தார். அந்த நரம்பணுக்களின் சமிக்ஞையைத் தடுக்கும் முதல் மருந்தான ஃபெசோலினெட்டன்ட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 மே மாதத்தில்தான் அனுமதி வழங்கியது. ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்துக்கடைக்குச் செல்ல எந்த மருந்துக்கும் காலம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உலகின் பாதிப் பேருக்கு வரக்கூடிய, சராசரியாகப் பல ஆண்டுகள் நீடிக்கும் ஒரு துன்பத்துக்கு முப்பது ஆண்டுகள் காத்திருப்பது என்னால் எளிதில் கடந்துபோக முடியாத ஒன்று. அமெரிக்காவில் பல இனப் பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு, அடிக்கடி உடல் கொதிக்கும் பெண்களுக்கு அது நீடிக்கும் காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள் என்று 2015-இல் தெரிவித்தது. கறுப்பினப் பெண்களிடம் அது பத்து ஆண்டுகளைத் தாண்டியது. "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதலை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சியிலிருந்து பெண்களை விலக்கியதன் பின்னணியில் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. கருவுற்ற பெண்களின் குமட்டலுக்காகக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு, 1961-இல் திரும்பப் பெறப்படும் முன்பு, பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைகால் வளர்ச்சிக் குறைபாடுகளோடு பிறக்கச் செய்தது. மருந்துகள் முன்கூட்டியே முறையாகச் சோதிக்கப்படாததன் விளைவு அது. இன்னும் கவனமாகப் பெண்களிடம் சோதிக்க வேண்டும் என்பதே அதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் எஃப்டிஏ 1977-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கச் சொன்னது. கருத்தடை முறைகளைக் கையாளும் பெண்களும், தனித்து வாழும் பெண்களும், கணவர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களும்கூட அந்த விலக்குக்குள் வந்தார்கள். கருவைக் காப்பதுதான் நோக்கம் என்றால், கருவுறும் பருவத்தைக் கடந்த பெண்களை ஆராய எந்தத் தடையும் இருந்திருக்கக் கூடாது; இந்த இடத்தில்தான் அந்த வாதம் உடைகிறது. ஏனென்றால் நடுவயதுப் பெண்களும் ஆய்வுகளில் இல்லை.

மனித உடல் முதுமையடைவது எப்படி என்று அறிவதற்காக 1958-இல் தொடங்கப்பட்ட பால்டிமோர் ஆய்வு, இருபது ஆண்டுகள் ஆண்களை மட்டுமே ஆராய்ந்துவிட்டு 1978-இல்தான் பெண்களைச் சேர்த்தது. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று ஆராய்ந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்கள். 1989-இல் அதன் இறுதி முடிவு, ஆஸ்பிரின் முதல் மாரடைப்பை 44 சதவீதம் குறைப்பதாகக் கூறியது. உலகெங்கும் ஆஸ்பிரின் பெண்களுக்கும் எழுதப்பட்டது. 39,876 பெண்களைப் பத்தாண்டுகள் கவனித்த தனி ஆய்வின் முடிவு 2005-இல் வந்தபோது, பெண்களிடம் ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றும், பக்கவாதத்தை ஓரளவு குறைத்தது என்றும் தெரிந்தது. ஒரே மாத்திரை, இரண்டு உடல்கள், இரண்டு விடைகள். இரண்டாவது விடையைத் தெரிந்துகொள்ளவே பதினாறு ஆண்டுகள் கூடுதலாகத் தேவைப்பட்டன.

நான் படித்தவற்றுள் என்னை அதிகம் கலங்கச் செய்தது வேறொன்று. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை இதயநோய் குறைவாக இருப்பதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள்; ஈஸ்ட்ரோஜன்தான் காரணமாக இருக்குமோ என்று ஐயுற்றார்கள். 1960-களில் தொடங்கிய, இதய மருந்துகளுக்கான ஒரு பெரிய ஆய்வு, ஏற்கெனவே மாரடைப்பு வந்த 8,341 பேரிடம் பல மருந்துகளைச் சோதித்தது. அவற்றுள் ஈஸ்ட்ரோஜனும் ஒன்று. அந்த 8,341 பேரும் ஆண்கள். அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் பெற்ற ஆண்களுக்கு மாரடைப்பு கூடுதலாக ஏற்பட்டதால் அந்தப் பிரிவு 1970-இல் நிறுத்தப்பட்டது. பெண்ணின் உடலில் ஊறும் ஹார்மோன் இதயத்தைக் காக்குமா என்ற கேள்வியை ஆண்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

விலங்கு ஆய்வுகளிலும் இதே கதைதான். 2011-இல் வெளியான ஒரு மீளாய்வு, பத்து உயிரியல் துறைகளில் எட்டில் ஆண் விலங்குகளே அதிகம் பயன்படுத்தப்படுவதைக் காட்டியது. நரம்பியலில் பெண் விலங்கை மட்டும் வைத்துச் செய்யப்பட்ட ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆணை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவை ஐந்துக்கு மேல் இருந்தன. பெண் எலிகளின் ஹார்மோன் சுழற்சி ஆய்வு முடிவுகளைக் குழப்பிவிடும் என்பது நெடுநாள் சொல்லப்பட்டுவந்த காரணம். 293 கட்டுரைகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், பெண் எலிகளின் அளவீடுகள் ஆண் எலிகளுடையதைவிட அதிகமாக மாறுபடவில்லை என்று தெரியவந்தது. ஒருவரும் சரிபார்க்காத ஒரு நம்பிக்கை, சோதனைக்கூடங்களின் விதியாகவே நிலைத்திருந்தது. சரிபார்த்திருந்தாலும் எங்கள் பிரச்சினைக்கு அது முழு விடையாகியிருக்காது. எலிகளுக்கு மனிதப் பெண்ணைப் போல மாதவிடாய் நிற்பதில்லை. ஆகவே ஆய்வகங்களில் பெரும்பாலும் இளம் எலியின் சினைப்பைகளை அறுத்தெடுத்துவிட்டு அதையே மாதவிடாய் நின்ற உடலுக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். ஓரிரவில் நிகழ்வதையும் ஏழெட்டு ஆண்டுகள் தத்தளித்து நிகழ்வதையும் ஒன்றாகக் கருதினால், அந்த ஏழெட்டு ஆண்டுகள் பார்வைக்கு வராமலே போய்விடுகின்றன.

இப்போது அந்தத் தூக்க மாத்திரை. அதன் பெயர் சோல்பிடெம். எனக்கு எழுதிக்கொடுத்த அளவு 10 மில்லிகிராம். அதைப் போட்டுக்கொண்ட மறுநாள் காலையில், வழக்கமாகப் பத்து நிமிடத்தில் கடக்கும் சாலையை எப்படிக் கடந்தேன் என்ற நினைவே இல்லாமல் அலுவலக வாசலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் 1992-இல் அனுமதி பெற்ற அந்த மருந்தைப் பெண்களின் உடல் ஆண்களைவிட மெதுவாகவே வெளியேற்றுகிறது. 10 மில்லிகிராம் உட்கொண்டு எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டும் திறனைப் பாதிக்கும் அளவுக்கு மருந்து இரத்தத்தில் தங்கியிருந்தவர்கள் பெண்களில் சுமார் 15 சதவீதம், ஆண்களில் 3 சதவீதம். 2013 ஜனவரியில்தான் எஃப்டிஏ பெண்களுக்கான அளவைப் பாதியாக, 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. இருபது ஆண்டுகள் பெண்கள் இரட்டிப்பு அளவை விழுங்கிவிட்டுக் காலையில் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு அது எழுதப்பட்டது 2013-க்குப் பிறகு என்பதையும் சொல்லியாக வேண்டும். அறிவிப்பு வெளிவருவதற்கும் அது மருத்துவரின் பேனாவரை வந்துசேர்வதற்கும் இடையே இன்னொரு நெடுந்தூரம் இருக்கிறது.

அமெரிக்காவில் மாற்றத்துக்கான சட்டம் 1993-இல் வந்தது. அரசு நிதியில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்த்தாக வேண்டும் என்று அது விதித்தது. எஃப்டிஏ தன் 1977-ஆம் ஆண்டு விலக்கைத் திரும்பப் பெற்றதும் அதே ஆண்டில்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு முதல் பெண் இயக்குநராக வந்த இதயநோய் மருத்துவர் பெர்னடீன் ஹீலி, நடுவயதுப் பெண்களுக்காகவே ஒரு பேராய்வைத் தொடங்கிவைத்தார். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்களைச் சேர்த்த அந்தப் பெண்கள் நல முன்முயற்சி ஆய்வு, பல பதிற்றாண்டு அலட்சியத்துக்குப் பரிகாரமாக வந்தது. அந்தப் பரிகாரமே வேறொரு மௌனத்தை உண்டாக்கியதுதான் இந்தக் கதையின் மிகத் துயரமான பகுதி என்று எனக்குப் படுகிறது.

2002 ஜூலையில் அந்த ஆய்வின் ஒரு பிரிவு பாதியில் நிறுத்தப்பட்டது. கருப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையும், மறுபாதியினருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டிருந்தன, சராசரியாக 5.2 ஆண்டுகளுக்குப் பிறகு, மருந்து பெற்றவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அந்த 26 சதவீதத்தைத் தலைப்பாக்கின. அதே தரவை வேறு விதமாகச் சொன்னால், ஓராண்டில் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வரக்கூடிய நோய் 38 பேருக்கு வந்தது. அந்த எட்டுப் பெண்கள் முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பக்கவாதமும் நுரையீரல் இரத்த உறைவும்கூட ஏறத்தாழ அதே அளவில் கூடின, இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன. மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை. இப்படி முழுமையாகச் சொல்லியிருந்தால், ஒவ்வொரு பெண்ணும் தன் உடல்நிலையையும் குடும்ப வரலாற்றையும் வைத்துத் தன் மருத்துவரோடு பேசி முடிவெடுத்திருக்க முடியும்.

அந்தப் பெண்களின் வயது தலைப்புகளில் வரவேயில்லை. அவர்கள் 50 முதல் 79 வயதுக்கு உட்பட்டவர்கள். சராசரி வயது 63. நாள்பட்ட நோய்களைத் தடுக்க ஹார்மோன் உதவுமா என்பதுதான் ஆய்வின் கேள்வி. அந்தக் கேள்விக்கு அது நேர்மையாக, இல்லை என்று விடை சொன்னது. 48 வயதில் இரவெல்லாம் நனைந்து விழிக்கும் பெண்ணுக்குச் சில ஆண்டுகள் ஹார்மோன் கொடுக்கலாமா என்பது அந்த ஆய்வு எழுப்பாத கேள்வி. ஆனால் விடை அவளுக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்று 2004-இல் தெரிந்தது. 2020-இல் வெளியான நீண்டகாலத் தொடர்ச்சி அது உண்மையில் குறைந்திருப்பதையே காட்டியது. அந்தச் செய்தி முதற்பக்கத்துக்கு வரவில்லை. இரண்டு பிரிவுகளின் பெண்களையும் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்கிலும் மருந்து பெற்றவர்களின் இறப்பு விகிதம் கூடியிருக்கவில்லை. ஆனால் பயம் ஏற்கெனவே ஒரு தலைமுறை மருத்துவர்களுக்குள் இறங்கியிருந்தது. நான் ஹார்மோன் சிகிச்சை என்று வாயெடுத்ததுமே எங்கள் குடும்பத்திலும் அலுவலகத்திலும் கேட்ட முதல் சொல் "கேன்சர்".

ஹார்மோன் எல்லாப் பெண்களுக்கும் ஏற்றது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், இரத்த உறைவு ஏற்பட்டவர்களுக்கும், சில கல்லீரல் நோயாளிகளுக்கும் அது பொதுவாக ஆகாது. தேவையே இல்லாமல் இந்தப் பருவத்தைக் கடப்பவர்களும் பலர். எனக்கு அந்த இளம் மருத்துவர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு நன்மையையும் தீங்கையும் எண்களாகவே எழுதிக் காட்டினார். நான் ஒரு வாரம் யோசித்துவிட்டுத் தோலில் ஒட்டும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் பட்டையையும் இரவில் ஒரு புரோஜெஸ்டிரோன் மாத்திரையையும் தொடங்கினேன். ஆறு வாரங்களில் தூக்கம் திரும்பியது. தோள் சரியாக இன்னும் ஓராண்டு பிடித்தது. மருந்தைவிட அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த அரை மணி நேரம் ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்கும் தரவு இருக்கிறது. மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பொது மருத்துவம், குடும்ப மருத்துவம், மகப்பேறு மருத்துவம் ஆகிய துறைகளில் பயிற்சியிலிருந்த மருத்துவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட கருத்தாய்வில், மாதவிடாய் நிற்கும் பருவப் பெண்களுக்குச் சிகிச்சையளிக்கத் தாங்கள் போதுமான அளவு தயாராக இருப்பதாகச் சொன்னவர்கள் 6.8 சதவீதம் பேர். ஐந்தில் ஒருவர் தம் பயிற்சிக் காலத்தில் இதைப் பற்றி ஒரு வகுப்புகூட நடக்கவில்லை என்றார். மகப்பேறு மருத்துவமும் அதில் அடக்கம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை பெறும்வரை பெண்ணுடலுக்குப் பாடத்திட்டம் இருக்கிறது. அதன் பிறகு அவள் வாழப்போகும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

இவ்வளவையும் படித்த பிறகுதான் என் அம்மாவின் கோப்பை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றியது. அவருக்கு இப்போது 74 வயது. கடந்த ஆறேழு ஆண்டுகளாக அவருக்கு அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும். ஆண்டுக்கு நான்கு முறை, ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் காய்ச்சல், எரிச்சல், ஒரு புதிய ஆன்டிபயாடிக். "நிறைய தண்ணி குடிங்கம்மா, சுத்தமா இருங்க" என்ற அறிவுரையும் கூடவே வரும். வாழ்நாள் முழுக்கச் சுத்தத்தைத் தவமாகச் செய்துவந்த ஒரு பெண்மணி அந்த அறிவுரையைக் கேட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குத் தெரியாதது, 1993-லேயே ராஸ், ஸ்டாம் என்ற இரு மருத்துவர்கள் செய்த ஒரு சோதனை. மாதவிடாய் நின்ற, அடிக்கடி சிறுநீர்த்தொற்று வந்துகொண்டிருந்த 93 பெண்களில் ஒரு பிரிவினர் பிறப்புறுப்பில் ஈஸ்ட்ரோஜன் களிம்பைத் தடவிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு 0.5 முறை என்ற விகிதத்திலும், போலிக் களிம்பு பெற்றவர்களுக்கு 5.9 முறை என்ற விகிதத்திலும் தொற்று வந்தது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் அந்தத் திசு மெலிகிறது, அங்கே காவலிருந்த நல்ல நுண்ணுயிர்கள் மறைகின்றன, அமிலத்தன்மை போகிறது, குடலிலிருந்து வரும் கிருமிகள் குடியேறுகின்றன. சுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இந்த விளக்கத்தை நான் சொன்னபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என் மேல தப்பில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

களிம்பு வாங்கி வந்த அன்று இன்னொரு தடை காத்திருந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அம்மா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், மறதிநோய் என்று வரிசையாக எச்சரிக்கைகள் இருந்தன. களிம்பை மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, "இன்ஃபெக்‌ஷனோடயே இருந்துக்கறேன்" என்றார். வாய்வழி உட்கொள்ளும் ஹார்மோன் மாத்திரைகளைப் பற்றி 2002-க்குப் பின் எழுதப்பட்ட எச்சரிக்கையையே, இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கும் இந்தக் களிம்புகளின் பெட்டியிலும் அப்படியே அச்சிட்டிருந்தார்கள். அந்த எச்சரிக்கைகளை நீக்கும் நடவடிக்கையை எஃப்டிஏ 2025 நவம்பரில் அறிவித்தது. இருபதாண்டுகளுக்கும் மேலாக எத்தனை அம்மாக்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் களிம்பை மூடி வைத்தார்களோ, அதை எண்ணிச் சொல்லும் எந்த ஆய்வும் என் கண்ணில் படவில்லை.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. ஆய்வில் பெண்களைச் சேர்த்தால் மட்டும் போதாது. சேர்த்தவர்களின் முடிவுகளை ஆண்களோடு கலந்து சராசரியாக்காமல் தனியாகப் பிரித்து வெளியிட வேண்டும். அவள் மாதவிடாய் நிற்கும் முன்பு இருக்கிறாளா, இடையில் இருக்கிறாளா, பின்பு இருக்கிறாளா என்பதையும் வயதைப் பதிவுசெய்வதுபோலப் பதிவுசெய்ய வேண்டும். அதைப் பதிவுசெய்யாத இதய ஆய்வும் தூக்க ஆய்வும் 45 வயதுப் பெண்ணுக்கு அரைகுறையான விடையையே தரும். மருத்துவக் கல்லூரிகள் இந்தப் பருவத்துக்குச் சில வகுப்புகளையாவது ஒதுக்க வேண்டும். மருத்துவமனைப் படிவங்களில் ஒரு வரி கூடுதலாக இருக்க வேண்டும்.

அந்த வரியை நான் கடந்த மாதம் முதன்முறையாகப் பார்த்தேன். அம்மாவை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, எனக்குச் சிகிச்சையளித்த அதே இளம் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தேன். அவர் தானே தயாரித்து வைத்திருந்த ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு, "பீரியட்ஸ் நின்னது எந்த வருஷம்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார். ஆறேழு ஆண்டுகளில் முப்பது முறையாவது மருத்துவமனைக்குச் சென்றவரிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய விஷயம், அம்மாவுக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று எண்ணி நான் குறுக்கிட வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் முதல் வேலையில் சேர்ந்த வருடம் என்றார், மாதத்தைச் சொன்னார், அதற்கு முந்தைய ஆண்டு முழுக்க எந்தெந்த மாதங்களில் வரவில்லை என்பதையும், இரவுகளில் எழுந்துபோய் வெறுந்தரையில் படுத்துக்கொண்டதையும், பைத்தியம் பிடித்துவிடுமோ என்று அஞ்சி யாரிடமும் சொல்லாமல் இருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டே இருந்தார். படிவத்தில் அதற்கு ஒதுக்கியிருந்த ஒற்றை வரி போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுதினார்.